எல்லையில் நிற்கும் முனைவர்கள்

ஓசூரில் சரக்குந்தும் ஈருருளியும் கைக்கடிகையும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் வேரூன்றி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமும் ஆயிற்று. ஆயினும் இம் மாவட்டத்துக் கலை அறிவியற் கல்லூரிகள் 1997-இல் சேலத்தில் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே இயங்குகின்றன. ஓசூரினின்று சேலம் ஏறத்தாழ 100 கல். பெங்களூரோ 25 கல். 1909 முதல் இந்திய அறிவியற் கழகம் நிலைகொண்டிருப்பதும் அங்கேயே. முனைவர் பட்டம் பெற்ற நம் இளைஞன் எத்திசை நோக்குவான்? அவனை நாம் குறைகூறோம். நாம் நோவது வேறொன்று பற்றி.

பட்டம் பெற்றபின் ஓரிரண்டு ஆண்டுகள் ஒரு பேராசிரியரிடம் தங்கி, ஆய்வில் தனித்து நிற்கப் பழகும் பணிக்கு மேலைநாடுகளில் நிலைத்த பெயருண்டு. நாமோ 'டாக்டரை' நீக்கி 'முனைவரை' நிலைநாட்டிய அளவில் ஓய்ந்துவிட்டோம். அடுத்த படியை மேலாய்வு என்பார் சிலர். பின்னாய்வு என்பார் சிலர். (மேலாய்வு என்பதே நமக்கு உடன்பாடு.) பெயரே நிலைபெறாத ஒன்றைச் சிற்றூர் மாணவன் எங்ஙனம் தேடுவான்?

அவன் நாளிதழ் விளம்பரத்தை எதிர்நோக்கிக் கிடக்கின்றான். மேலாய்வு இடங்களுட் பல விளம்பரத்தால் நிரம்புவன அல்ல. 'அனுசந்தான்' என்று வடமொழிப் பெயர் சூட்டி நடுவணரசு 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த ஆராய்ச்சி அறக்கட்டளை, அறிவியல் பொறியியல் முனைவர்க்கு ஈராண்டு மேலாய்வு நல்கை வழங்குகின்றது. அகவை வரம்பு 35. மகளிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் பிற்பட்டோர்க்கும் ஐந்தாண்டுத் தளர்வுண்டு. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் பட்டத்திற்குக் காத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், வழிகாட்ட இசையும் பேராசிரியர் ஒருவரை முன்பே தேடிக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதனைச் சொல்ல ஆளுண்டு. குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி மிதித்தவனுக்கு யாருளர்? இஃது அறியாமலே அகவை கடந்து, தனியார் கல்லூரியிற் சிற்றூதியத்திற்கு அமர்ந்தவர் எத்துணையர்!

'இடம் உண்டா' என ஐம்பதின்மர்க்கு ஒரே மடலை விடுப்பதாற் பயனில்லை. பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து, தன் ஆய்வு அவற்றொடு எங்கே பொருந்துகின்றது, புதிதாய் என் செய்ய விழைகின்றோம் என்பதை ஒரே பக்கத்தில், ஆய்வேடு முடிவதற்கு ஓராண்டு முன்னரே எழுதுதல் வேண்டும்.

இனி, எல்லை தாண்டாமலே ஆயத்தக்க பொருள் இம் மண்ணில் இல்லையா? இம் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்காலம் கி.மு. 2172 அளவினது எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. காலக்கணிப்பு நிகழ்ந்தது அமெரிக்க ஆய்வகத்தில். அதனால் இழுக்கில்லை. ஆனால், அவ்விரும்பின் தாது எங்கெடுத்தது, உலை எத்தகையது என்றெல்லாம் அமர்ந்து ஆய ஒரு மேலாய்வாளனுக்கு இங்கு இடமிருத்தல் வேண்டாவா? 2013-ஆம் ஆண்டுக் குழுமச் சட்டம், பெருங்குழுமங்கள் தம் நிகர ஈட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குமுகப் பணிக்குச் செலவிடப் பணிக்கின்றது. அரசுப் பல்கலைக்கழக அறிவியலாராய்ச்சிக்கு ஈவதற்கும் அதில் வழியுண்டு. இரும்பையும் எஃகையும் நம்பி வாழும் ஓசூர்க் குழுமங்கள் சேலத்தில் ஒரு மேலாய்வு நல்கையேனும் நிறுவலாமே!

பல்கலைக்கழகங்களும் எவ்வெப் பேராசிரியரிடம் எவ்வெத் துறையில் இடமுண்டு என்பதை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுதல் வேண்டும். அதுவரை, ஓசூர், கிருட்டிணகிரி வட்டத்து அன்பர்கள் தத்தம் ஊரில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பாரைத் தேடிச்சென்று அந்த அகவை வரம்பையேனும் இத் திங்களே சொல்லிவிடுக.