அடிமை சரி, ஆண்டை யார்?

அடிமை என்ற சொல் தமிழில் தனியாக நிற்காது. அடிமை என்றால் ஆண்டை உண்டு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. என் மாணவர்கள் பலருடைய தாத்தாக்கள் 'ஆண்ட' என்று வாயால் கூப்பிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள். அந்த ஊரில் இன்று 'இணைய அடிமைத்தனம்' என்று பேனர் கட்டி விழிப்புணர்வு முகாம் நடத்துகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு முகாமில்கூட ஆண்டை யார் என்று யாரும் கேட்கவில்லை.

நான் கௌரவ விரிவுரையாளன். வீடு திண்டிவனம். தினமும் விழுப்புரம் பக்கம் போய் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். முகாமுக்கு வருகிற பேச்சாளர்கள் சொல்வது ஒன்றேதான்: "போனைக் கீழ வைங்கப்பா!" கைதட்டல் விழும். சாயங்காலமே அந்தக் கூட்டத்தின் போட்டோ வகுப்பு வாட்ஸப் குழுவில் வரும். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, நாளைக்கு வகுப்பு உண்டா இல்லையா, உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும், எல்லாமே அந்தக் குழுவில்தான். கீழே வைத்தவன் தொலைந்தான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? பிள்ளைகள் ஒருநாள் காலையில் எழுந்து கெட்டுப்போகவில்லை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. 2017 மார்ச் 31 வரை டேட்டா இலவசம். அதுக்கு முன்னாடி ஒரு ஜிபி போட்டா மாசம் பூரா பொத்திப் பொத்திச் செலவு பண்ணுவோம். இலவசம் முடிந்த பிறகு 'நாளுக்கு இத்தனை ஜிபி' என்ற கணக்கு எல்லாக் கம்பெனியிலும் பரவியது. ராத்திரி 12 மணி அடித்தால் மிச்சம் இருப்பது அழிந்துவிடும்.

இதை நம் வீட்டுப் புத்தியோடு வைத்துப் பாருங்கள். மிச்சச் சோற்றில் தண்ணி ஊற்றி வைத்து மறுநாள் பழையதாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது என்று அடித்துச் சொல்லி வளர்க்கப்பட்ட பையன், பதினோரு மணிக்கு 800 எம்பி மிச்சம் என்று பார்த்தால் என்ன செய்வான்? உட்கார்ந்து தீர்ப்பான். அவனுடைய சிக்கன புத்தியையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

விலையையும் பாருங்கள். 2024 ஜூலையில் ஜியோவின் நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. மாசம் என்றால் அவர்களுக்கு 28 நாள். அதனால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. மொத்தம் 3,887 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்குகிற பெண்ணுக்கு இது கிட்டத்தட்ட நாலு மாதப் பணம்.

டேட்டா இப்படி என்றால், அதில் ஓடுகிற செயலிகள் இன்னொரு பக்கம். பக்கம் முடியாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் தங்களுக்குப் போட்டி மனிதர்களின் தூக்கம்தான் என்றார். அதே ஆண்டு, ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனதின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்றார். ஆண்டைகளே ஒப்புக்கொண்டாயிற்று. நாம் மட்டும் இன்னும் கூட்டேரிப்பட்டிலிருந்தும் மயிலத்திலிருந்தும் வருகிற பத்தொன்பது வயசுப் பையனின் மன உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. 2021 ஜனவரியில் இதே தமிழ்நாடு அரசு, ஆன்லைன் வகுப்புக்காக 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை அறிவித்தது. அது தேவையாகத்தான் இருந்தது. 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி போட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆகஸ்டில் ஒன்றிய அரசு அத்தகைய ஆட்டங்களையே தடை செய்து சட்டம் போட்டது. ஆக, ராத்திரி நேரத்தில் ஒருத்தனைத் திரையில் பிடித்து வைக்க முடியும் என்பது சட்டத்துக்கே தெரியும். பணம் போனால் சட்டம் வருகிறது. நேரம் போனால் விழிப்புணர்வு முகாம் வருகிறது!

"அப்ப பசங்க மேல தப்பே இல்லையா சார்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிஜமாகவே நோயாளிகள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-இலேயே இதற்கென்று தனி சிகிச்சைப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். ஆனால் வகுப்பில் அறுபது பேரும் தூக்கம் கெட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தால் அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் நோய் வந்துவிட்டது என்பீர்களா? ஊர்க் கிணற்றைப் போய்ப் பார்க்க மாட்டீர்களா?

அந்தச் சொல் செய்கிற கேட்டையும் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா முடிந்ததும் என்னிடம் வந்தார். "எம் பொண்ணும் அடிமையாயிட்டாளா சார்?" இல்லம்மா என்றேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் போனைப் பிடுங்கி அண்ணன்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். உதவித்தொகைக்கு ஓடிபி வருகிற எண் அது. அப்புறம் அந்தப் பெண் வகுப்புக்கு வருவதும் குறைந்தது. பையன் கெட்டால் திட்டுவார்கள். பெண் 'கெட்டால்' மாப்பிள்ளை பார்ப்பார்கள். மேடையில் 'அடிமை' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா?

அந்தப் பெண் போனை விட்டுவிட்டு எங்கேதான் போவாள்? கல்லூரி முடிகிற நேரத்திலேயே நூலகமும் மூடுகிறது. மைதானத்தில் பெண் நின்றால் ஊர் பேசும். டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போதோ. பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங், துணிக்கடை என்று வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பத்துக்குத்தான் வீடு சேர்கிறார்கள். பத்திலிருந்து ஒரு மணி வரைதான் அவர்களுடைய சொந்த நேரம். மூன்று மணி நேரம். கம்பெனிகள் குறிவைப்பது சரியாக அதைத்தான். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்க வந்தவனுக்கு மூணு வருஷம்தான் கையில் இருக்கிறது. அதிலிருந்துதான் இந்த மணிக்கணக்கு கழிகிறது.

ஆகவே முகாம் நடத்துகிறவர்கள் போனைக் கீழே வைக்கச் சொல்வதற்கு முன்னால் இதைச் செய்யட்டும். நூலகத்தை ராத்திரி எட்டு வரை திறந்து வைக்கட்டும். எட்டரைக்கு கிராமங்களுக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கேட்கட்டும். வாட்ஸப்பில் வருகிற ஒவ்வோர் அறிவிப்பும் பலகையிலும் ஒட்டப்படட்டும். வாங்கிய டேட்டா ராத்திரி பன்னிரண்டுக்கு அழியக் கூடாது, மறுநாளுக்குச் சேர வேண்டும் என்று டிராய்க்கு நாம் எழுதுவோம். என் வகுப்பிலிருந்தே அந்த மனுவை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எழுத அறுபது கைகள் இருக்கின்றன.