வாடகை வீட்டுப் போலி விளம்பரங்கள்: சட்டங்களுக்கு இடையே சிக்கும் முன்பணம்

புது தில்லி: பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு தேடுவது ஒரு காலத்தில் கால் வலிக்கும் வேலை. சம்பிகே சாலைக்கும் மார்கோசா சாலைக்கும் இடையே உள்ள குறுக்குத் தெருக்களில் நடந்து, "டு லெட்" பலகை தொங்கும் வாசலில் விசாரித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கைமாறும். இப்போது சேலத்திலோ கோவையிலோ அமர்ந்தபடி செல்பேசியில் படம் பார்த்து முன்பணத்தையும் அனுப்பிவிடுகின்றனர். தரகருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று இணையத்துக்கு வந்தவர்கள், முன்பணத்தையே இழந்து காவல் நிலையப் படியேறுவது பெருகியுள்ளது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 86,420. அவற்றில் கர்நாடகத்தின் பங்கு 21,889. பெங்களூரு நகரில் மட்டும் 17,631. இந்தக் கணக்கில் வாடகை வீட்டு மோசடி என்று தனித் தலைப்பு கிடையாது. கடன் அட்டை, ஏ.டி.எம்., இணைய வங்கி, ஓ.டி.பி. ஆகிய தலைப்புகளுக்குப் பிறகு வரும் "இதர மோசடிகள்" என்ற வரிசையில் அது கரைந்துவிடுகிறது. எண்ணப்படாத குற்றத்துக்கு அவையில் கேள்வியும் எழுவதில்லை.

மோசடியின் வடிவங்கள் சிலவே. ஆனால், திரும்பத் திரும்ப வெற்றி பெறுபவை. மல்லேஸ்வரத்தில் இரண்டு படுக்கையறை வீடு, சுற்றுவட்டார வாடகையில் பாதிதான் என்று ஒரு விளம்பரம் வருகிறது. அழைத்தால், உரிமையாளர் ராணுவத்தில் அல்லது மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் இருப்பதாகவும், திடீர் இடமாற்றத்தால் வீட்டைக் காட்ட வர இயலவில்லை என்றும் பதில் கிடைக்கிறது. கேட்காமலேயே அடையாள அட்டையின் படமும் வருகிறது. சீருடையின் மீது மக்கள் வைத்துள்ள மரியாதைதான் இங்கு முதலீடு. "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், டோக்கன் அனுப்பினால் உங்களுக்கே நிறுத்தி வைக்கிறேன்" என்பது அடுத்த கட்டம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், வீட்டைப் பார்க்க "நுழைவு அனுமதிச் சீட்டு" வாங்க வேண்டும், சில ஆயிரம் ரூபாய், பார்த்த பிறகு திருப்பித் தரப்படும் என்கின்றனர். பணம் போனதும் பதிவு சரியாக விழவில்லை, மீண்டும் அனுப்புங்கள் என்பார்கள். முதலில் போன தொகையை மீட்கும் ஆசையிலேயே இரண்டாவது, மூன்றாவது தொகையும் போய்விடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையான உரிமையாளர் விளம்பரம் கொடுத்தால், படை வீரர் என்ற பெயரில் வாடகைதாரர் வேடமிட்டு அழைப்பு வருகிறது. வீட்டைப் பார்க்காமலேயே சம்மதம். முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கியூ.ஆர். கட்டம் வருகிறது. அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் பதிந்தால் பணம் வராது, போகும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை என்ற ஒரு செய்தியை அறிந்திருந்தாலே இந்த வகை மோசடி அங்கேயே நின்றுவிடும். தனிநபர்களுக்கு இடையே "பணம் கோரும்" வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்தியதால் ஒரு வழி அடைபட்டுள்ளது. கியூ.ஆர். வழி இன்னும் திறந்தே உள்ளது.

ஆபத்து அதிகமானது வேறொரு வகை. வீடு உண்மை, காட்டுபவர்தான் பொய். சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்த வீட்டையே உரிமையாளர் போல் பலருக்குக் காட்டி, ஒவ்வொருவரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவது. "நேரில் பார்க்காமல் பணம் தராதீர்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கு பயன்படாது. பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கமாக உள்ள பெங்களூரில், ஒருவர் இழப்பதே லட்சக்கணக்கில் போய்விடும்.

எனவே, பார்க்க வேண்டியது வீட்டை மட்டுமல்ல, ஆவணங்களையும். மாநகராட்சியின் காத்தா, சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றில் உள்ள பெயரும், பணம் பெறுபவரின் பெயரும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. மல்லேஸ்வரத்தின் பழைய வீடுகளில் மின் இணைப்பு மறைந்த தந்தையின் பெயரிலேயே இருப்பது சாதாரணம் என்பதால், ஒரு ரசீதை மட்டும் வைத்து எவரையும் மோசடிக்காரர் என்று முடிவு கட்டவும் இயலாது. வில்லங்கச் சான்றை கர்நாடகப் பத்திரப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் பெறலாம். யு.பி.ஐ. செயலிகள் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரையே காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் இறுதி முதல் கட்டாயம். பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரை ஒரு கணம் நின்று படிப்பது நல்லது. விளம்பரப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தால், அதே வரவேற்பறை புணேயிலோ குருகிராமிலோ வாடகைக்கு இருப்பது தெரியவரலாம். வீடியோ அழைப்பில் மின்மீட்டரைக் காட்டச் சொல்வது, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது ஆகியன பழைய முறைகளின் புதிய வடிவங்கள்.

பணம் போன பிறகு

பணம் அனுப்பிவிட்டால் பயன் தருவது முதல் சில மணி நேரம்தான். 1930 என்ற உதவி எண்ணை அழைத்தால், 2021 முதல் செயல்படும் மத்திய உள்துறையின் அமைப்பு வழியாக வங்கிகளுக்குத் தகவல் சென்று, பணம் பெற்றவரின் கணக்கில் எஞ்சியுள்ள தொகை முடக்கப்படும். பரிமாற்ற எண், விளம்பரத்தின் முகவரி, உரையாடலின் படப்பதிவுகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து, சைபர்கிரைம் தேசிய இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இந்த அமைப்பு 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை 17.82 லட்சம் புகார்களில் ரூ. 5,489 கோடியைக் காப்பாற்றியதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பெரிய தொகைதான். ஆனால், 2024 என்ற ஒரே ஆண்டில் மக்கள் இழந்தது ரூ. 22,845 கோடி என்பதும் அதே அரசு அளித்த தகவல்.

மோசடி என்று கண்டுகொண்டு விலகிவிடுபவர்கள் பெரும்பாலும் புகார் செய்வதில்லை. அந்த விளம்பரம் அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது. பணம் இழக்காதவர்களும் சந்தேக அழைப்புகளையும் வாட்ஸ்ஆப் செய்திகளையும் தெரிவிக்க, தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச்சில் "சக்ஷு" என்ற வசதியைத் தொடங்கியது. விளம்பரம் வெளியான தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதலாம்.

யார் பொறுப்பு?

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இந்தியாவில் வீட்டுமனைத் தரகர்களை நெறிப்படுத்தும் மத்தியச் சட்டம் ஒன்றுதான்: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, அனில் மாதவ் தவே தலைமையிலான தேர்வுக் குழுவின் பரிசீலனைக்கும் சென்று, 2016 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அச்சட்டத்தில் "முகவர்" என்பவர் யார் என்ற வரையறையில், விற்பனை வழியாகச் சொத்தை மாற்றித் தருபவர் என்றே உள்ளது. வாடகை இல்லை. கோடி ரூபாய்க்கு அடுக்ககம் வாங்குபவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாடகைக்கு வருபவருக்குக் கிடைக்கவில்லை.

அரசியல் சாசனத்தின்படி, வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உறவு மாநிலப் பட்டியலின் 18-ஆவது இனத்தில் அடங்கும். காவல் துறையும் மாநிலத்துக்கே உரியது. ஆனால், விளம்பரம் வரும் இணையதளமும், பணம் போகும் வங்கியும் மத்தியச் சட்டங்களின் கீழ் உள்ளவை. ஏமாந்தவரின் புகார் இந்த இரண்டு கூரைகளுக்கும் இடையே நனைகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு 2008 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தை இங்கு நினைவுகூர வேண்டும். அமளிக்கு நடுவே, விவாதமின்றி இரு அவைகளும் அடுத்தடுத்த நாள்களில் நிறைவேற்றிய திருத்தம் அது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு சிறை விதிக்கும் 66டி பிரிவு அதில்தான் பிறந்தது. பிறர் பதிவேற்றும் தகவலுக்கு இணையதளம் பொறுப்பல்ல என்ற 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு விரிவடைந்ததும் அதே திருத்தத்தில்தான். நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிக்கையோ வந்தால்தான் தளம் "அறிந்ததாக"க் கருதப்படும் என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கருத்துச் சுதந்திரத்தைக் காக்க அவசியமான தீர்ப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால், அரசியல் கருத்துக்கும் வாடகை விளம்பரத்துக்கும் ஒரே குடை என்பதுதான் விளைவு.

2021-ஆம் ஆண்டின் விதிகள் புகாருக்குத் தீர்வு காண 15 நாள் அளித்தன. 2022 அக்டோபர் திருத்தம் சில வகைப் புகார்களுக்கு அதை 72 மணி நேரமாக்கியது. கெடு எவ்வளவு சுருங்கினாலும், அது விளம்பரம் வெளியான பிறகான ஏற்பாடே. வெளியிடும் முன் உரிமையாளர் யார் என்று பார்க்கும் கடமை எந்த விதியிலும் தெளிவாக இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடினால், இலவசமாக அளிக்கப்படும் சேவை "சேவை" அல்ல என்று அதன் வரையறையே கூறுகிறது. கட்டணமின்றி விளம்பரம் பார்த்தவர் அந்த வாசலிலேயே நின்றுவிட நேரிடும்.

வங்கியின் பதிலும் ஏறக்குறைய இதேதான். அனுமதியின்றிப் பணம் எடுக்கப்பட்டு, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அறிவித்தது. வாடகை மோசடியில் பணத்தை அனுப்பியவர் வாடிக்கையாளரே. காவல் துறையிலோ, தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்குகளை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே விசாரிக்க வேண்டும் என்ற 78-ஆவது பிரிவு, வழக்குகள் தேங்குவதற்கு ஒரு காரணம். புகார் தானாகவே முதல் தகவல் அறிக்கையாக மாறும் திட்டம் 2025 மே மாதம் தில்லியில் சோதனையாகத் தொடங்கப்பட்டபோது, வரம்பு ரூ. 10 லட்சத்துக்கு மேல் என நிர்ணயிக்கப்பட்டது. முன்பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தொடமாட்டார்கள்.

தமிழர்கள் நன்கறிந்த சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு வாடகையும் தரகர் சட்டத்தின் கீழ் வருகிறது. 2010-இல் அமைந்த முகவர்கள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு முகவரின் தொலைபேசி எண்ணும் உள்ளது. உண்மையான முகவரின் பெயரைத் திருடி மோசடிகள் அங்கும் நடக்கவே செய்தன. ஆனால், விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பதிவேட்டில் தேடினால் பொய் தெரிந்துவிடும். அமெரிக்காவிலோ, பட்டியல்கள் "சரிபார்க்கப்பட்டவை" என்று சொல்லிவிட்டுச் சரிபார்க்கவில்லை என்று குற்றம்சாட்டி, ரூம்ஸ்டர் என்ற தளத்தின் மீது வர்த்தக ஆணையமும் ஆறு மாநிலங்களும் 2022-இல் வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. இங்குள்ள தளங்களிலும் "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரைக்குப் பஞ்சமில்லை. எதைச் சரிபார்த்தார்கள், தொலைபேசி எண்ணையா, உரிமையையா என்று கேட்பார்தான் இல்லை.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. ஒப்பந்தங்களைப் பதிவு செய்து தனி எண்ணும் தருகிறது. தமிழகம் தனது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதற்கு முன்பே பதிவு முறைக்கு மாறிவிட்டது. ஆயினும், இவை இரண்டும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செயல்படுபவை, விளம்பரத்தைத் தொடுவதில்லை.

விந்தை என்னவெனில், கர்நாடகத்தின் கையிலேயே ஒரு கருவி உள்ளது. அம்மாநிலத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வாடகைத் தரகர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அப்போதே கூறியது. அந்தப் பிரிவு எழுதப்பட்டபோது தரகர் என்றால் டீக்கடை பெஞ்சில் அமர்ந்திருப்பவர். அவரது வேலையைச் செய்யும் இணையதளமும் தரகர்தானா என்பதை விளக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; விதான சௌதாவில் இருந்து ஓர் அறிவிக்கை வந்தாலே விவாதம் தொடங்கிவிடும். தளங்கள் அதை எதிர்த்து, 79-ஆவது பிரிவைக் கையில் ஏந்தி நீதிமன்றம் செல்லும் என்பதும் எதிர்பார்க்கக் கூடியதே.