அழவைக்கும் படமும் அருகிருப்பவரும்

உள்நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள் சாத்துக்குடியோடும் ஹார்லிக்ஸோடும் ஓர் அறிவுரையையும் கொண்டுவருவார்கள்: "சோகப் படம் எதுவும் பார்க்காதே. வடிவேலு நகைச்சுவை மட்டும் பார்." அன்பினால் சொல்லப்படுவது அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால், வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், சிரித்தால்தான் தையல் அதிகம் வலிக்கிறது என்பார்.

அழவைக்கும் படங்களை நோயாளியிடமிருந்து மறைத்துவைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதைவிட முக்கியமாக, நோயைப் பற்றித் தமிழில் வந்த மிகச் சிறந்த சோகப் படங்கள் சில, நோயாளிக்காக எடுக்கப்பட்டவையே அல்ல என்றும் எனக்குத் தோன்றுகிறது. கட்டிலில் படுத்திருப்பவரைவிட, கட்டிலுக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கே அவை அதிகம் உரியவை.

1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. ஒரே அரங்கில், ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பை முடித்தார்கள். புற்றுநோயாளியாக முத்துராமன், அவருடைய மனைவி சீதாவாகத் தேவிகா, ஒரு காலத்தில் சீதாவை நேசித்த மருத்துவராகக் கல்யாண்குமார். அறுபது ஆண்டுகளுக்கு முன் படம் பார்த்துவிட்டுத் தேம்பியபடி வெளியே வந்தவர்களை இன்று கேட்டால், "அந்த நோயாளி இறந்துபோவாரே, அந்தப் படம்தானே?" என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. நோயாளி பிழைத்துக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை வெற்றி பெறுகிறது. அவரைக் காப்பாற்றுவதற்காக இரவுபகல் பாராமல் தம்மை வருத்திக்கொண்ட மருத்துவர்தாம் இறக்கிறார். நம் கண்ணீர் அவருக்காகவும், படம் முழுவதும் கணவருக்கும் மருத்துவருக்கும் இடையே நின்று தவிக்கும் சீதாவுக்காகவும் பெருகுகிறது. அறுவைச் சிகிச்சையின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு மனைவியின் முகத்தை, வின்சென்டின் ஒளிப்பதிவில் பார்த்தது போல அதற்குமுன் தமிழ்த் திரையில் நாம் பார்த்ததில்லை என்றே சொல்லலாம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1982இல், பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வந்தது. விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட ஒரு பெண்ணை ஓர் ஆசிரியர் தம் வீட்டில் வைத்துப் பேணுகிறார். ஊட்டி வேண்டும் சோறு, விளையாட்டு, பிடிவாதம், தாலாட்டு என எல்லாமாக அவரே இருக்கிறார். இறுதியில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதைவிட மகிழ்ச்சியான முடிவு ஏது? நோயாளி முழுமையாகக் குணமடைந்து, பெற்றோரோடு ரயிலேறி வீட்டுக்குப் போகிறாள். ஆனால், தன்னைப் பேணியவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நீலகிரியின் சிறிய ரயில் நிலையத்தில், சேறும் காயமுமாகக் கமல்ஹாசன் குரங்குபோல் ஆடிக்காட்டி அவளுக்குத் தம்மை நினைவூட்ட முயலும் அந்தச் சில நிமிடங்களைக் கண்கலங்காமல் பார்த்தவர் யாரையும் நான் அறியேன். அந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீதேவியின் நடிப்பும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது வேறு செய்தி.

இரு படங்களிலும் நோயாளி எழுந்து நடந்து போகிறார். உடனிருந்தவர் உடைந்துபோகிறார்.

இது தமிழர்களின் மனநிலை மட்டுமன்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்னும் இரு உளவியலாளர்கள் 250க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து காட்சிகளைத் தேர்ந்து பலருக்குப் போட்டுக்காட்டி, எந்தக் காட்சி எந்த உணர்வைத் தூண்டுகிறது என்று ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். துயரத்தை மிகுதியாக எழுப்பிய காட்சி 1979இல் வந்த 'தி சாம்ப்' படத்தில் உள்ளது. மூன்று நிமிடங்கூட ஓடாத துண்டு. குத்துச்சண்டை வீரரான தந்தை இறக்கிறார். அவரை எழுப்ப முயன்று சிறுவன் அழுகிறான். அங்கும் பார்ப்பவரை உருக்குவது இறந்தவர் அல்லர், அருகில் நிற்கும் பிள்ளை.

இந்த இதழைப் புரட்டும் வாசகர்களில் கணிசமானோர் நோயாளிகள் அல்லர், துணைக்கு வந்தவர்கள். மருந்துச் சீட்டோடு மருந்தகத்துக்கும், இரத்த மாதிரியோடு ஆய்வகத்துக்கும் நடப்பவர்கள். இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவர்கள். மருத்துவர் காலையில் வரும்போது "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நோயாளியைக் கேட்பார், அருகில் நிற்பவரை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவர் அழ வேண்டுமானால் மாடிப்படிக்குப் போகிறார், அல்லது குழாயடிக்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "வெயில் தாங்கவில்லை" என்கிறார். படுத்திருப்பவரும் அதை நம்பியதாகக் காட்டிக்கொள்கிறார். இப்படியே வாரக்கணக்கில் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருப்பார்கள். அத்தகைய இருவர் ஒரு கைப்பேசியை நடுவில் வைத்துச் சீதாவுக்காகச் சேர்ந்து அழுதால் அதில் என்ன கேடு வந்துவிடும்? தங்களுக்காக அழ முடியாதவர்கள் பிறருக்காக அழும் சாக்கில் சற்று இளைப்பாறட்டுமே.

அழுதால் மனம் உடனே இலேசாகிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்வது முழு உண்மையன்று. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்', 'ஹாச்சி' ஆகிய உருக்கமான படங்களைக் காட்டி 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படம் முடிந்தவுடன் அழுதவர்களின் மனநிலை முன்பைவிடத் தாழ்ந்தே இருந்தது. இருபது நிமிடங்களில் அது பழைய நிலைக்கு வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டபோதோ, படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆகவே, அழுது முடித்தவரிடம் அக்கணமே "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுத் துளைக்காமல், ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துச் சற்றுப் பொறுத்திருப்பது நல்லது.

துயரக் கதையைக் கூட்டமாக அமர்ந்து பார்த்து அழும் வழக்கம் திரைப்படத்தோடு தோன்றியதன்று. நம் முத்தியால்பேட்டையை அடுத்த கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. கோவலன் கதையையும் அபிமன்யு கதையையும் மேடையேற்றித் தமிழ்நாட்டையே அழவைத்த நாடகாசிரியர், பக்கவாதத்தால் நலிந்த நிலையில், 1922இல் இந்தப் புதுச்சேரியில்தான் காலமானார். புதுச்சேரி அரசு சிறந்த திரைப்படத்துக்கு அளிக்கும் விருதும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அழுகையை இரண்டாவதாக வைத்தார். அது பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைக் கூறினார். 'பாசமலர்' இழவு என்றால், 'துலாபாரம்' வறுமை. மூன்றாவதாகிய அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை குலைந்து வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல் என்று உரைகாரர் பொருள் சொல்கிறார். நேற்றுவரை தறியில் அமர்ந்து நாளெல்லாம் நெய்தவர், இன்று கழிவறைக்குச் செல்லவும் ஒரு கையை எதிர்பார்க்கும்போது வருகிற அழுகை அது. அதைக் கோழைத்தனம் என்று அந்நூல் எங்கும் சொல்லவில்லை.

எல்லாச் சோகப் படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்' இரண்டும் 'மூன்றாம் பிறை' வந்த அதே 1982இல் வந்தவை. இரண்டிலும் நாயகன் தன் புற்றுநோயை மறைத்து, நேசிப்பவளை வேண்டுமென்றே விலக்குகிறான். பாடல்கள் இனிமையானவை; நடிப்பிலும் குறையில்லை. ஆனால், நோயை மறைப்பதே தியாகம் என்ற எண்ணத்தை அவை ஒரு தலைமுறைக்கே ஊட்டிவிட்டன. இருபது ஆண்டு முன்னதாகவே முத்துராமன் ஏற்ற பாத்திரம், அறுவைச் சிகிச்சைக்குமுன் மனைவியிடம் 'நான் இல்லாவிட்டால்' என்று வாய்விட்டுப் பேசிவிட்டது. அவன் சொன்ன யோசனை சரியா என்பது இருக்கட்டும், பேசினான் அல்லவா? மேலும், இரத்தப் புற்றுநோய் என்றாலே இருமி இரத்தம் கக்கி இறப்பது என்பது திரையின் மருத்துவம். இன்று அதில் சில வகைகளை மாத்திரையாலேயே பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்க முடிகிறது. குழந்தைகளுக்கு வரும் வகைகளில் பெரும்பாலானவை குணமாகின்றன. உங்கள் நோயைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள், மோகனையும் கமலையும் அல்ல.

நோயாளியே இறந்துபோகும் படங்களும் உண்டு. பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய 'நீர்க்குமிழி' (1965) அப்படிப்பட்டது. வார்டு முழுவதையும் சிரிக்கவைக்கும் நோயாளியாக நாகேஷ் வருவார். அற்புதமான படம்தான்; எனினும், நோய் இன்னதென்று சென்ற வாரம்தான் அறிந்துகொண்டவருக்கு அதைப் போட்டுக்காட்ட மாட்டேன். 'துலாபாரம்' வார்டுக்கு ஆகவே ஆகாது. சாரதாவின் நடிப்புக்காக வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் படம் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். பாதியில் "போதும்" என்றால் நிறுத்திவிடுங்கள். வயிற்றிலோ மார்பிலோ தையல் இருந்தால், இருமும்போது செய்யச் சொன்னதைப் போலவே தலையணையைத் தையலின்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் எப்போது படம் பார்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. வழியும் கண்ணீரைக் கையாலோ முந்தானையாலோ தேய்த்துத் துடைக்கக் கூடாது. படமே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் சோர்வும் நீடித்தாலும், பக்கவாதத்துக்குப் பின் காரணமின்றி அழுகையோ சிரிப்போ பீறிட்டு வந்தாலும் அது வேறு. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, அதற்குச் சிகிச்சை உண்டு. இவை உடனிருப்பவருக்கும் பொருந்தும். கடைசியாக, அடுத்த கட்டிலில் உறங்குபவரை மனத்தில் கொண்டு, இயர்போனில் ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டு பாருங்கள்.