தாத்தா ரேசரும் தங்க முலாமும்

"அந்தக் காலத்து இரும்பு சார் இது. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்."

பழைய ஜில்லெட் ரேசரைக் கையில் பிடித்தவுடன் எல்லாருக்கும் இந்த வசனம் தானாக வந்துவிடுகிறது. அது இரும்பே இல்லை, பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை என்பது வேறு விஷயம்.

கார்ட்ரிட்ஜ் வியாபாரத்தில் நொந்து நூலானவர்கள்தான் அநேகமாக இந்தப் பக்கம் வருகிறார்கள். 1971-ல் இரண்டு பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. பிளேடு கூடக் கூட விலையும் கூடியது. போதுமடா சாமி என்று ஒற்றை பிளேடு, பிரஷ், சோப்பு நுரை என வந்து சேர்ந்தவனை வாசலிலேயே மடக்குகிறது இன்னொரு கோஷ்டி. "புதுசு வாங்காதே தம்பி. பழைய ஃபேட்பாய் தேடு. தலைக்கு அடியில் குறியீடு பார். டி என்றால் 1958, ஈ என்றால் 1959, பக்கத்து எண் காலாண்டு." ஜாதகம் பார்ப்பது மாதிரி! விளைவு, பிளேடுச் செலவைக் குறைக்க வந்தவன், மறுமுலாம் பூசிய ஒரு ரேசருக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு நிற்கிறான். எந்தக் கணக்கில் இது சிக்கனம்?

ரேசர் செய்யும் வேலை என்ன? ஒரு மெல்லிய பிளேடை வளைத்து, ஒரு கோணத்தில், ஆடாமல் பிடித்துக்கொள்வது. அவ்வளவுதான். பிளேடு எவ்வளவு வெளியே நீட்டுகிறது, பிளேடுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்ற இரண்டு அளவுகள்தான் ஷேவ் மென்மையா முரடா என்று பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அந்த அளவுகளுக்கு வயது கிடையாது. பழையதிலும் மென்மையானது உண்டு, முரடு உண்டு. புதியதில் ஜெர்மனியின் மூலே ஆர்41 என்ற முரட்டு ஆசாமியும் உண்டு, அதே கம்பெனியின் ஆர்89 என்ற சாதுவும் உண்டு. "பழசு மென்மை, புதுசு காயம்" என்பதெல்லாம் சும்மா அடித்துவிடுவது.

பக்தர்கள் மறக்கும் இன்னொன்று பிளேடு. துருப்பிடிக்காத எஃகில் பூச்சு போட்ட பிளேடை இங்கிலாந்தின் வில்கின்ஸன் ஸ்வார்ட் கொண்டுவந்தது 1960-களின் ஆரம்பத்தில். ஜில்லெட்டே 1963-ல்தான் பின்னாலேயே ஓடி வந்தது. அதற்கு முன் எல்லாம் கார்பன் எஃகு. சீக்கிரம் மழுங்கும், ஈரம் பட்டால் துரு. ஆக, 1958-ல் ஃபேட்பாய் வாங்கிய அமெரிக்கத் தாத்தாவுக்கு, இன்று அதே ரேசரில் கிடைக்கும் வழவழ ஷேவ் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. இன்றைய பிளேடைப் போட்டு மழித்துவிட்டு அன்றைய ரேசருக்கு மாலை போடுகிறார்கள். பழையதைப் புகழவே புதியது தேவைப்படுகிறது பாருங்கள் :-)

"அறுபது வருஷம் ஆகியும் உழைக்கிறதே?" என்பார்கள். உழைத்தது மட்டும்தான் இன்று கண்ணில் படுகிறது. கைப்பிடி விரிந்தது, முலாம் உரிந்தது, கீழே விழுந்து கதவு கோணியது எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. கைப்பிடி அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவும் திறக்கும் மாடல்களில் ஒரு கதவு லேசாக வளைந்திருந்தாலும் போச்சு. பிளேடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டும். படத்தைப் பார்த்து ஏலத்தில் எடுப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? ரத்தம் வரும்போது தெரியும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் கிளப்புவது "அப்போதெல்லாம் கம்பெனிகள் நேர்மையாக இருந்தன" என்கிற புலம்பல்தான். பி.காம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி என்று கிங் கேம்ப் ஜில்லெட் கண்டுபிடித்ததாக மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்வார்களே, அது கட்டுக்கதை. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010-ல் இதைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். காப்புரிமை கையில் இருந்தவரை ரேசர் விலை 5 டாலர், அந்தக் காலத் தொழிலாளியின் அரை வாரக் கூலிக்குப் பக்கம். 1904-ல் கிடைத்த காப்புரிமை 1921-ல் காலாவதியாகி, போட்டிக்காரர்கள் உள்ளே புகுந்தபிறகுதான் 1 டாலர் ரேசர் பிறந்தது. தாராள மனசு எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

அதோடு முடியவில்லை. 1930-ல் ஹென்றி கெய்ஸ்மேனின் ஆட்டோஸ்ட்ராப் கம்பெனியோடு காப்புரிமைத் தகராறு முற்றி, கடைசியில் இரண்டும் இணையப்போயின. அப்போது கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், ஐந்து வருடமாக ஜில்லெட் தன் லாபத்தைச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஊதிக் காட்டியிருந்தது. வெளிநாட்டில் உள்ள தன் கிளைக் கம்பெனிகளுக்கே சரக்கைத் தள்ளிவிட்டு, அதை விற்பனை என்று எழுதிக்கொண்டார்கள். இன்று மூன்றாம் ஆண்டு ஆடிட்டிங் தாளில் கேட்டால் மாணவன் பளிச்சென்று பதில் எழுதுவான். ஐந்து பிளேடு விற்கிறவனும் இதே வம்சம்தான். தாத்தா காலத்தில் அவனுக்கு வயது குறைவு, அவ்வளவே.

பழையதற்கு நியாயமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. பித்தளை. இன்றைய ரேசர் தலைகளில் பல ஸாமாக் எனும் துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியவை. மேலே சொன்ன ஆர்89-ம் இந்த ஜாதிதான். முலாம் உடைந்தால் உள்ளே அரிக்கும், திருகாணி முறிவதும் உண்டு. பித்தளைக்கு அந்த வியாதி இல்லை. ஆனால் ஓங்கி இறுக்காமல், துடைத்து வைத்தால் ஸாமாக்கும் பல வருடம் ஓடும். அது வேண்டாம் என்பவர்களுக்கு முழு எஃகு ரேசர் வந்துவிட்டது. (அதிலும் ஒரு சைக்கிள் விலைக்கு விற்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்தர்கள் தனி கோஷ்டி, அவர்களுக்கும் இதே அர்ச்சனை பொருந்தும்.)

நம்மூரில் இந்தச் சண்டையே விசித்திரம். அமெரிக்காவில் இரட்டை முனை பிளேடு கடை அலமாரியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனதால் அது அவர்களுக்கு 'புதையல்' ஆனது. இங்கே அது பெட்டிக்கடையை விட்டுப் போனதே இல்லை. சீயக்காய் சரத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்காசுக்கு இரண்டு மூன்று பிளேடு இன்றும் கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஹாஸ்டல் பையன் மெஸ் பில்லைப் பாக்கி வைத்துவிட்டு ஃபேட்பாய்க்குப் பணம் கட்டினால் என்னத்தைச் சொல்ல?

வீட்டுப் பரணில் தாத்தா ரேசர் கிடந்தால் தாராளமாக எடுக்கட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், புது பிளேடு, போதும். இல்லாதவன் மூன்று துண்டாகக் கழலும் சாதாரணப் புது ரேசர் ஒன்றை வாங்கட்டும். பழுதாக அதில் ஒன்றும் இல்லை. மிச்சக் காசில் நாலைந்து கம்பெனி பிளேடுகளை ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். முதல் வாரம் தாடையோரம் வெட்டினால் ரேசரை மாற்ற ஓடவேண்டாம். அழுத்துவதை நிறுத்தினால் பாதி வெட்டு நின்றுவிடும், கைப்பிடியைக் கன்னத்திலிருந்து சுமார் முப்பது டிகிரி சாய்வில் பிடித்தால் மீதியும் குறையும்.