மூன்று விநாடி பொறுங்கள்

வானொலியில் மூன்று விநாடி சத்தம் நின்றாலே எங்களுக்குப் பதற்றம் வந்துவிடும். வகுப்பறையில் அந்த மூன்று விநாடிக்கு நல்ல மதிப்பு உண்டு. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ எழுதினார். மூன்று விநாடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது.

பத்து காவானில் என் அக்கா மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். "சொன்னா காதிலேயே வாங்க மாட்டேங்கிறான்" என்பது அக்காவின் தினசரிப் புலம்பல். ஒரு மாலை உட்கார்ந்து கவனித்தேன். "பையை வை, காலுறையைக் கழற்று, கை கழுவு, சாப்பிட வா." ஒரே மூச்சில் நான்கு கட்டளை, பக்கத்தில் தொலைக்காட்சி வேறு! எனக்கே இரண்டாவதோடு மறந்துவிடும். இப்போது தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அவனும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறான்.

இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சிரமம். வகுப்பில் மின்விசிறி, சாலையில் லோரி. கடைசி வரிசைப் பிள்ளை என்ன செய்யும்?

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கலாம். வலி இல்லாமலேயே காது மந்தமாகும். பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பலமுறை கூப்பிட்டும் திரும்பாவிட்டால், திட்டுவதை நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். அதுவரை முன்வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.