பச்சைக் குஞ்சு ஏன் செத்தது?

திருச்சி காந்தி மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை காலை. வெங்காய மூட்டைகள் இறங்குகின்றன. "வழி! வழி!" என்று தலைச்சுமைக்காரர் ஓடுகிறார். பேரம் பேசுகிற சத்தம் காதைப் பிளக்கிறது.

இத்தனை இரைச்சலிலும் ஒரு சத்தம் தனியாகக் கேட்கிறது.

"கீச்! கீச்! கீச்!"

சாலை ஓரம் ஒரு சைக்கிள் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு கூடை. கூடை நிறையக் கோழிக் குஞ்சுகள். பச்சைக் குஞ்சு, சிவப்புக் குஞ்சு, நீலக் குஞ்சு, ரோஜா நிறக் குஞ்சு!

காய்கறி வாங்க வந்த அம்மாவின் சேலையைப் பிடித்துச் சிறுவன் இழுக்கிறான்.

"அம்மா! அந்தப் பச்சைக் குஞ்சு வேணும்மா!"

"சும்மா இருடா. வீட்டிலே இடம் ஏது?"

"வாங்கிக் கொடுங்கம்மா. எல்லாம் பெட்டைதான். ஆறு மாசத்திலே முட்டை வைக்கும்" என்கிறார் குஞ்சுக்காரர்.

அம்மாவின் மனதில் கணக்கு ஓடுகிறது. நாலு குஞ்சு வாங்கினால் நாலு கோழி. வாரத்துக்குப் பத்து முட்டையாவது கிடைக்காதா? நாலு குஞ்சும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஏறுகின்றன. கத்திரிக்காய்ப் பையோடு வரகனேரிக்குப் போகின்றன.

முதல் நாள் வீடே திருவிழா! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் ஒரு குஞ்சு தூங்கி வழிகிறது. மூன்றாம் நாள் காலையில் பச்சைக் குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. ஐந்தாம் நாள் பெட்டியில் ஒன்றுதான் மிச்சம்.

"நான் தண்ணி வச்சேனே அம்மா. அரிசி போட்டேனே. ஏன் செத்துச்சு?"

இதற்கு வீட்டில் கிடைக்கும் பதில் என்ன? "உனக்குக் கை ராசி இல்லை" என்பார்கள். "கண் பட்டுவிட்டது" என்பார்கள். "ஒரு குஞ்சுக்கா இத்தனை அழுகை?" என்று அப்பா அதட்டுவார்.

மூன்றும் தவறு. பையன் கேட்டது நியாயமான கேள்வி. அவன்மேல் பழி போடுவது அநியாயம்.

வேண்டாத பிள்ளை

அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது?

முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைதான் வேண்டும். நாமக்கல் பக்கம் இலட்சக் கணக்கில் வளர்க்கிறார்களே, வெள்ளை லெகார்ன், அந்தச் சாதிக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடும். ஆனால் பொரிக்கிற குஞ்சில் பாதி சேவல். அது முட்டை இடாது. கறிக்கோழி போலச் சீக்கிரம் கொழுக்கவும் கொழுக்காது. ஆகவே பிறந்த அன்றே அதைப் பிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். இப்படித் தள்ளிய சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயத்தில் குளித்துத் தெருவுக்கு வருகின்றன. "எல்லாம் பெட்டை" என்று விற்பவை எல்லாம் சேவல்!

சாயமும் நிலைக்காது. சில நாளில் இறகு முளைக்கும். பச்சை போய் வெள்ளை வரும்.

மிருகவதையைத் தடுக்க 1960-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தேவை இல்லாமல் ஒரு பிராணியை வதைப்பது குற்றம் என்று அது சொல்கிறது. பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சைச் சாயத்தில் நனைத்து, வெயிலில் கூடையில் அடைத்து விற்பது வதை இல்லாமல் வேறு என்ன? கூடை தூக்குகிறவரைப் பிடித்து உதைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் வாங்காவிட்டால் சாயக் கூடை தானே நின்றுவிடும்.

மூன்று நாள் சோறு

கூடையில் துள்ளிய குஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஏன் சாகிறது?

முட்டைக்குள் குஞ்சு 21 நாள் வளர்கிறது. வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மிச்சம் இருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கட்டுச்சோறு மாதிரி! அதை வைத்து இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் பொரித்த குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு வெகுதூரம் அனுப்ப முடிகிறது.

கூடையில் அது துள்ளுவது அந்தக் கட்டுச்சோற்றின் பலத்தில்தான். வீட்டுக்கு வருகிற நேரத்தில் கட்டுச்சோறு தீர்ந்துவிடுகிறது. புது இடம். தண்ணீர் எது, தீனி எது என்று தெரியவில்லை. காட்டிக் கொடுக்கத் தாயும் இல்லை. பெரிய அரிசியை விழுங்க முடியவில்லை. குஞ்சு சோர்ந்து விழுகிறது.

அதைவிடப் பெரிய காரணம் குளிர்.

"திருச்சியிலா குளிர்?" என்று சிரிக்கலாம். ஆனால் குஞ்சின் உடம்பில் இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. முதல் வாரம் அதற்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க் கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். தாய் இல்லாத குஞ்சுக்கு ஒரு குண்டு பல்புதான் தாய். மார்கழி மாதம் விடியற்காலையில் காவிரிக் காற்று அடிக்கும்போது, வெறும் சிமெண்டுத் தரையில் நாலு குஞ்சு என்ன செய்யும்? ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கும். அடியில் கிடப்பது நசுங்கிச் சாகும்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம். குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்பின் கீழே ஒட்டிக்கொண்டு கத்தினால் சூடு போதவில்லை. தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்துகொண்டிருந்தால் சரி. தரையில் உமி பரப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு அதில் விழுந்து நனைந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தால் அந்தப் பையன் செய்திருக்க மாட்டானா? யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

வீண் பயம்

முதல் தடவை கோழி வளர்ப்பவர்களுக்குப் பயம் அதிகம். அது தலைப்பிள்ளை பெற்றவள் பயம் மாதிரி. பிள்ளை தும்மினாலும் பயம். தும்மாவிட்டாலும் பயம்.

ஓடிக்கொண்டிருந்த குஞ்சு திடீரென்று தலை சாய்ந்து, காலை நீட்டிப் படுத்துவிடும். "ஐயோ! செத்துப் போச்சு!" என்று வீடு அலறும். தொட்டுப் பார்த்தால் எழுந்து ஓடும். அது வெறும் தூக்கம். குஞ்சுகள் தூங்குவது அப்படித்தான்.

கோழி வளர்ந்த பிறகு இன்னொரு பயம். மத்தியானம் மண்ணில் சாய்ந்து படுத்துக்கொண்டு, இறக்கையை அடித்து, காலை உதைத்துப் புரளும். "வலிப்பு வந்துவிட்டது" என்று ஓடி வருவார்கள். வலிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மண் குளிப்பு! செள்ளும் பேனும் உதிர்வதற்காகக் கோழி மண்ணிலேதான் குளிக்கும். மாடி வீட்டில் வளர்ப்பவர்கள் ஒரு பழைய தொட்டியில் மண்ணும் சாம்பலும் போட்டு வைத்தால் போதும்.

இறகு கொட்டினால் பயம். ஆண்டுக்கு ஒருமுறை கொட்டி முளைப்பது இயற்கை. அந்தச் சமயம் முட்டையும் நிற்கும். குஞ்சின் பின்புறம் எச்சம் ஒட்டிக் காய்ந்துபோனால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. வெந்நீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் குஞ்சு இறந்துவிடும்.

அடை கிடக்கும் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. அடை தெளிவதற்காக மூக்கில் இறகைச் செருகுவது கிராமத்து வழக்கம். அது கொடுமை. அடைப் பெட்டியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான கூண்டில் சில நாள் விட்டால் தானே தெளிந்துவிடும்.

உண்மையான எமன்

இவை எல்லாம் சின்னப் பயங்கள். பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் பலர் பயப்படுவதே இல்லை!

அதன் பெயர் வெள்ளைக்கழிச்சல்.

கோழி உறங்கி விழும். தீனி எடுக்காது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மூச்சு இழுக்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். நேற்று பத்துக் கோழி நின்ற முற்றத்தில் வாரக் கடைசியில் ஒன்றும் இராது.

இது உலகம் சுற்றும் நோய். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் கண்டார்கள். அதனால் வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்று பெயர். அதே காலத்தில் நம் நாட்டில் இமயமலைப் பக்கம் ராணிகேத் என்ற ஊரில் கண்டார்கள். அதனால் இங்கே ராணிகேத் நோய். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பது கோழிக்குத் தெம்பு தரலாம். நோயை விரட்டாது.

ஆனால் வருமுன் தடுக்கலாம்! ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையின் தோலுக்கு அடியில் ஓர் ஊசி. இவ்வளவுதான். ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய அரசு நிலையம் இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரித்து வருகிறது. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் முகாம் நடத்தி, வீட்டுக் கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறது.

பிறகு ஏன் கோழிகள் சாகின்றன? வெட்கம்தான் காரணம். மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறவர் கோழியைத் தூக்கிப் போக வெட்கப்படுகிறார். "ஒரு கோழிக்கு டாக்டரா?" என்று தெருவே சிரிக்கிறது. நாலு கோழி என்பது ஓர் ஏழைப் பெண்ணின் உண்டியல். பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்குவதும், தீபாவளிக்குத் துணி எடுப்பதும் அதில்தான். அந்த உண்டியல் ஒரே வாரத்தில் காலியாவதைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

விற்றுவிடலாமா?

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

தெருவில் ஒரு கோழி செத்தது என்று கேள்விப்பட்டதும், "நம்ம கோழிக்கும் வந்துடும். அதுக்கு முன்னாடி கிடைச்ச விலைக்குத் தள்ளிடு" என்பார்கள். உறங்கி விழும் கோழியைக்கூடக் காலைக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் இலாபம். போட்ட காசில் பாதியாவது வந்துவிட்டது!

ஆனால் அந்தக் கோழி தனியாகப் போகவில்லை. நோயும் கூடவே பஸ் ஏறுகிறது. எச்சத்திலும் மூச்சிலும் கூண்டிலும் சாக்கிலும் கிருமி இருக்கிறது. சந்தையில் பக்கத்துக் கூண்டுக் கோழிக்கு ஒட்டுகிறது. அதை வளர்ப்பதற்காக வாங்கிப் போகும் இன்னொரு தாயின் வீட்டுக்குப் போகிறது. வாங்கிய ஐந்தாம் நாள் அவளுடைய கோழிகளும் உறங்கி விழுகின்றன. "கை ராசி இல்லை" என்று அவளையும் ஊர் சொல்லும்!

தெரிந்தே நோய்க் கோழியை விற்பவர் அடுத்த வீட்டுக் கூரையில் நெருப்பு வைக்கிறார். நோய்க் கோழியைத் தனியே அடைத்து டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. செத்த கோழியைக் குப்பையில் வீசக் கூடாது, வாய்க்காலில் போடக் கூடாது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஏழைக்கு இது நஷ்டம்தான். அந்த நஷ்டம் இன்னும் பத்து ஏழைகளுக்குப் போகாமல் நிற்கிறதே!

எங்கே தொடங்குவது?

திருச்சிக்காரர்களுக்குக் கோழி புதிது அல்ல. உறையூருக்குப் பழைய பெயரே கோழியூர்! யானையை ஒரு கோழி எதிர்த்து விரட்டியதாம். அதைக் கண்ட சோழன் அங்கே தலைநகர் அமைத்தானாம். கதை அப்படி. அந்த ஊர்க்காரர்கள் கூடைச் சாயத்தில் ஏமாறலாமா?

புதிதாக வளர்ப்பவர்கள் ஒரு நாள் குஞ்சை வாங்கவே வேண்டாம். இரண்டு மாதம் வளர்ந்து, ஊசி போட்ட கோழியாக மூன்று போதும். விலை கூடத்தான். நாலு குஞ்சு வாங்கி நாலையும் புதைப்பதைவிடக் குறைவு. கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. கோழி வளர்ப்பு பற்றி அங்கே போய்க் கேட்கலாம். இரவில் பூனையும் கீரியும் நுழையாத கூண்டு வேண்டும். புதுக் கோழி வந்தால் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய கோழிகளோடு விட வேண்டும்.

வரகனேரி வீட்டில் அதற்குப் பிறகு மூன்று பெட்டைக் கோழிகள் வந்தன. முதல் கோழி ஏழாம் மாதம் முட்டை வைத்தது. பையன் ஓடிப் போய் எடுத்தான். முட்டைக்கு ஓடே இல்லை! பலூன் மாதிரி மெத்தென்று கையில் அமுங்கியது.

"அப்பாயி! முட்டைக்கு என்னமோ ஆயிடுச்சு!"

"பயப்படாதடா. தோல் முட்டை. சுண்ணாம்புச் சத்து போதல. உங்கம்மாவை மார்க்கெட்டுக்குப் போறப்ப கிளிஞ்சல் வாங்கியாறச் சொல்லு" என்றாள் அப்பாயி.

"சரிங்க அத்தை" என்று அம்மா பையை எடுத்தாள்.