குலமும் கொடையும்

குலப்பெருமை பேசுதல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பே. அப்பெருமையைச் சட்டத்தினாலும் பட்டத்தினாலும் கட்டிக் காத்து வந்தோர் ஆங்கிலேயர். 'சேர்' என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் எனும் உடன்பிறந்தார் இருவரையும் அறியாதார் யார்? ஆயின் அவர்கள் பெற்ற சேர் பட்டம் அவரவர் வாழ்நாளோடு முடிவது. தந்தையிடமிருந்து மைந்தனுக்கு உரிமையாய்ச் செல்லும் 'சேர்' பட்டமும் ஒன்றுண்டு. அதனைத் தாங்கியவரே 'பரனெற்' எனப்படுவர். பிரபுக்கள் சபையிலே இவர்க்கு இடமில்லை. எனினும் ஊரிலே நிலமும் மாளிகையும் குடிகளும் உடைய பெருமக்கள் இவர்.

இப்பட்டம் பிறந்த வரலாறு சுவையானது. 1611 ஆம் ஆண்டிலே முதலாம் ஜேம்ஸ் மன்னர் அயர்லாந்தின் வடபாகத்தில் படை நிறுத்தப் பணம் வேண்டி நின்றார். ஆண்டுக்கு ஆயிரம் பவுண் வருமானமுள்ள நிலக்கிழார் எவரும், முப்பது போர்வீரரை மூன்றாண்டு பேணுதற்காகும் 1,095 பவுணைச் செலுத்தின், அவருக்கும் அவர் ஆண்வழிச் சந்ததிக்கும் இப்பட்டம் உரியதாயிற்று. பொருள் கொடுத்துக் கொண்ட பெருமை என்று அக்காலத்தில் நகைத்தோரும் உண்டு. ஆயினும் இரண்டு தலைமுறை கழிந்தபின் விலையை யார் நினைப்பார்? பட்டமே நிலைத்தது.

அத்தகைய குடும்பங்களுள் ஒன்றே ஹம்ஷயர் மாகாணத்து டிச்போண் குடும்பம். இச்சின் ஆற்றின் அயலிலே, அல்றெஸ்பர்ட் என்னும் சிறு பட்டினத்துக்கு அண்மையில், தம் பெயரையே கொண்ட கிராமத்தில் இவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தனர். 1603 ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியார் இறந்த செய்தி கேட்டதும், மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திராது, ஜேம்ஸே அரசர் என வின்செஸ்டர் நகரிலே பறைசாற்றுவித்தவர் அம்மாகாணத்து ஷெரிப் பதவியிலிருந்த பெஞ்சமின் டிச்போண். அவரே 1621 இல் முதலாவது பரனெற் ஆனார்.

குடும்பம் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி நின்றது. அதனால் இன்னலும் உற்றது. சிடியொக் டிச்போண் என்னும் இளைஞர் எலிசபெத்து அரசியாருக்கு எதிரான பபிங்ரன் சதியிற் சேர்ந்து 1586 இல் கொலைத்தண்டனை அடைந்தார். இறப்பதற்குமுன் அவர் எழுதிய இரங்கற்பாவை ஆங்கில இலக்கியம் இன்றும் போற்றுகின்றது. அதே குலப்பெயரைத் தாங்கிய றொபேட் டிச்போணோ, 1649 இல் முதலாம் சாள்ஸ் மன்னரின் மரணக் கட்டளையிற் கைச்சாத்திட்ட ஐம்பத்தொன்பதின்மருள் ஒருவர்.

இனி, இக்குடும்பத்தாரை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணமான கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேர் றொஜர் என்பாரின் மனையாள் மபெல்லா நெடுநாள் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தாராம். தாம் இறந்தபின் ஆண்டுதோறும் ஏழைகட்கு உணவு வழங்க ஒரு துண்டு நிலம் ஒதுக்குமாறு கணவரை இரந்தார். கணவரோ அடுப்பில் எரிந்த கொள்ளியொன்றைக் கையில் எடுத்து, "இஃது அணையுமுன் நீ சுற்றிவரும் நிலமெல்லாம் ஏழைகட்கு ஆகுக" என்றார். நடக்கவும் இயலாத அவ்வம்மையார் தவழ்ந்து தவழ்ந்தே இருபத்துமூன்று ஏக்கர் நிலத்தைச் சுற்றி வந்தார் என்பது கதை. அவ்வயல் இன்றும் 'தவழ்ந்த நிலம்' என்னும் பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றது. உயிர் பிரியுமுன் அவர் ஒரு சாபமும் இட்டாராம்: இக்கொடை நிறுத்தப்படின், ஒரு தலைமுறையில் ஏழு ஆண்மக்களும் அடுத்த தலைமுறையில் ஏழு பெண்மக்களும் பிறப்பர், வீடு விழும், குலப்பெயர் அழியும் என்று.

கொடை நடந்து வந்தது. 1671 ஆம் ஆண்டில் கில்லிஸ் வான் டில்போர்க் என்னும் ஓவியர், மூன்றாவது பரனெற்றாகிய சேர் ஹென்றி தம் மனையின் முன்றிலிலே குடும்பத்தாரும் பணியாளரும் சூழ நின்று அதனை வழங்கும் காட்சியைத் தீட்டினார். காலம் செல்லச் செல்ல நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நாடோடிகளும் கள்வரும் வந்து குவியவே, அதிகாரிகள் தலையிட்டு 1796 இல் கொடையை நிறுத்தினர். 1803 இல் பழைய மாளிகையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஏழாவது பரனெற்றுக்கு ஆண்மக்கள் எழுவர். அவருள் மூத்தவராகிய எட்டாவது பரனெற்றுக்குப் பெண்மக்கள் எழுவர்! குடும்பத்தார் அஞ்சி, 1836 ஆம் ஆண்டளவிற் கொடையை மீண்டும் தொடங்கினர். நுணுகி நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். அவ்வெழுவருள் மூத்தோர் கொடை நிற்பதற்கு முன்னரே பிறந்தவர்கள் அன்றோ? நடந்தவற்றுக்கு ஏற்பச் சாபக்கதை பின்னர்த் திருத்தப்பட்டிருத்தலும் கூடும்.

சாபத்தினும் பெரிய சோதனை வேறொரு வழியாக வந்தது. எட்டாவது பரனெற்றின் தம்பியருள் ஒருவரான ஜேம்ஸின் மூத்த மைந்தர் றொஜர் 1829 இற் பாரிசிலே பிறந்தார். தாயார் ஹென்றியெற் அவரைப் பதினாறு வயதுவரை பிரெஞ்சுப் பிள்ளையாகவே வளர்த்தார். பின்னர் ஸ்ரோனிகேஸ்ற் கல்லூரியிற் பயின்று, படையிலும் சில காலம் இருந்து, தம் ஒன்றுவிட்ட தங்கை மீது கொண்ட காதல் உடனே கைகூடாமையால் மனம் நொந்து 1853 இல் தென்னமெரிக்கா சென்றார். 1854 ஏப்பிரலில் றியோ டி ஜனைரோவிலிருந்து அவர் ஏறிய 'பெல்லா' என்னும் கப்பல் கடலில் மறைந்தது. யாவரும் அவர் இறந்தார் என்று கொண்டனர். தாய் ஒருவரே கொண்டிலர். கணவர் 1862 இல் இறந்தபின், மகனைக் கண்டோர் அறிவிக்குமாறு பத்திரிகைகளில் விளம்பரம் செய்வித்தார். அவ்விளம்பரம் 1865 இல் அவுஸ்திரேலியாவுக்கும் எட்டியது.

அங்கே வாகா வாகா என்னும் ஊரில் தோமஸ் கஸ்ட்ரோ என்ற பெயருடன் இறைச்சிக்கடை நடத்திய ஒருவர், தாமே றொஜர் என்றார். 1867 தைத்திங்களிற் பாரிசிலே தாயைக் கண்டார். தாய் அவரை மகனென்றே ஏற்று, ஆண்டுக்கு ஆயிரம் பவுணும் கொடுத்தார். முன்னைய றொஜர் மெலிந்த மேனியர். வந்தவரோ நாளடைவில் 300 இறாத்தலுக்கு மேல் நிறையுற்றார். றொஜருக்குப் பிரெஞ்சு தாய்மொழி போன்றது. வந்தவருக்கு அம்மொழி வாராது. எனினும் குடும்பத்தில் முன்னர்ப் பணிபுரிந்தவரும், ஜமெய்க்காவில் அடிமையாய் இருந்தவருமாகிய அன்ட்ரூ போகிள் அவரை எசமானரென்றே சாதித்தார். குடும்பத்தின் ஏனையோர் பெரும்பாலும் மறுத்தனர். தாய் 1868 இல் இறந்தார்.

உரிமை வழக்கு 1871 மேயில் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட நாட்கள் நடந்தது. கல்லூரிக் காலத்தில் றொஜரின் கையிற் பச்சை குத்தியவர் தாமே எனப் பெலூ பிரபு சாட்சியம் அளித்தார். வந்தவரின் கையிலோ அக்குறி இல்லை. வழக்கு வீழ்ந்தது. அதன்பின் பொய்ச்சத்தியக் குற்றம் சாட்டப்பட்டு, 188 நாள் விசாரணையின் பின், 1874 மாசித்திங்கள் 28 ஆம் நாள், இவர் இலண்டன் வாப்பிங் பகுதி இறைச்சி வணிகர் ஒருவரின் மைந்தர் ஆர்தர் ஓட்டனே என யூரிமார் அரைமணி நேரத்திற் கூறினர். பதினான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஏழைத் தொழிலாளர் பல்லாயிரவர் இவர் பக்கமே நின்றனர். செம்புக்காசு சேர்த்துக் கொடுத்தனர். இவருக்காக வாதாடிய கெனீலி 1875 இல் மக்களாற் பாராளுமன்றத்துக்கும் தெரிவு செய்யப்பட்டார். பெருங்குடியினர் ஒன்றுகூடி ஒரு தனி மனிதனின் உரிமையைப் பறித்தனர் என்பதே அம்மக்களின் எண்ணம். அவ்வெண்ணம் பிழையாயினும், அது தோன்றுதற்குரிய காரணம் அந்நாட்டில் இல்லாமலில்லை. தாயின் செய்கையையும் நாம் எளிதில் நகைத்தல் தகாது. பன்னிரண்டாண்டு காத்திருந்த கண்கள் தாம் காண விரும்பியதையே கண்டன.

1884 இல் விடுதலையான அம்மனிதர், 1895 இல் தாம் ஓட்டனே என்று பத்திரிகையொன்றுக்கு ஒப்புக்கொண்டு, பின் அதனையும் மறுத்து, 1898 ஏப்பிரல் முதலாம் நாள் வறுமையில் இறந்தார். குடும்பத்தாரின் இசைவுடன் அவர் பெட்டியின் மேல் 'சேர் றொஜர்' என்ற பெயரே பொறிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் வழக்காடியும் கிடையாத பெயர் இறந்தபின் கிடைத்தது.

அப்பட்டமும் இப்போது இல்லை. பதினான்காவது பரனெற் சேர் அந்தனி 1968 இல் ஆண்வாரிசின்றி இறக்க, ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பட்டம் அற்றுப்போயிற்று. கொடையைத் தவறாது நடத்தியும் குலப்பெயர் நிலைக்கவில்லை. சாபத்துக்கு அஞ்சி மட்டுமே கொடுத்திருப்பின், அன்றே கொடையையும் விட்டிருப்பார்கள். விட்டாரில்லை. பெண்வழி வந்தோர் கையில் அது தொடர்ந்தது. ஆண்டுதோறும் பங்குனித் திங்கள் 25 ஆம் நாள், குருவானவர் ஆசீர்வதித்த கோதுமைமா, அயற் கிராமத்தாருள் வளர்ந்தோர்க்கு ஒரு கலனும் பிள்ளைகட்கு அரைக் கலனுமாக அம்மனையின் வாயிலில் அளந்து கொடுக்கப்படுகின்றது.

பட்டத்துக்கு மன்னர் முதலிற் குறித்த விலை 1,095 பவுண். அதனைக் காக்க நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காகப் பொருள் கரைந்தது. கொடையோ நோயுற்ற பெண் ஒருத்தி தவழ்ந்து பெற்ற வயலினின்று வந்தது. முன்னோர் சொல்லைக் காப்போம் என்ற ஒரே எண்ணத்தால் நிற்கின்றது. தம் மக்கட்கு எதை விட்டுச்செல்வது என்று எண்ணுகின்ற பெற்றோர், பெயரையும் ஆதனத்தையும் எண்ணுவதோடு, அவர்கள் தொடர்ந்து செய்யத்தக்க நற்செயல் ஒன்றையும் எண்ணுவார்களாக. பெயரைத் தாங்க ஆண்வாரிசு வேண்டும் என்றனர் அக்குடியினர். மாவை அளந்து கொடுக்க அவ்விதி வேண்டியிருக்கவில்லை.